கௌதம் சட்டோபாத்யாய்

கௌதம் சட்டோபாத்யாய் (இறப்பு: ஜூன் 20, 1999) வங்காள இசைக்கலைஞர், பாடலாசிரியர், திரைப்பட இயக்குநர் ஆவார். வங்காள மொழியின் முதல் ராக் இசைக்குழு எனப் பரவலாகக் கருதப்படும் மொஹீனேர் கோராகுலி என்னும் குழுவை 1975ஆம் ஆண்டு கல்கத்தாவில் (2001 முதல் கொல்கத்தா) தொடங்கியவர்களுள் முதன்மையானவர். இக்குழு 1977 முதல் 1979 வரை மூன்று சிறிய இசைத்தட்டுகளை வெளியிட்டது. மூன்றிலுமாக இடம்பெற்றவை எட்டுப் பாடல்கள் மட்டுமே. வெளிவந்த காலத்தில் பெரிதும் கவனிக்கப்படாத இத்தட்டுகள், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் வங்காள இளைஞர் இசையின் தொடக்கப் புள்ளியாக மதிக்கப்பட்டன.

இளமை

கௌதம் 1940களின் பிற்பகுதியில் பிறந்தார். குடும்பத்தில் இசை ஈடுபாடு இருந்தது. சிறு வயதிலேயே தபலா வாசிக்கப் பழகினார். பின்னர் கித்தார், சாக்சபோன் முதலிய கருவிகளையும் கற்றார். இவருடைய இளைய சகோதரர்களான பிரதீப், விஸ்வநாத் ஆகிய இருவரும் பிற்காலத்தில் இவருடைய குழுவில் இணைந்தனர்.

கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் உடலியங்கியல் பயின்றார். அக்காலத்தில் கல்கத்தாவின் பார்க் தெருவில் இருந்த உணவு விடுதிகளில் இரவு நேரங்களில் மேற்கத்திய இசைக்குழுக்கள் வாசிப்பது வழக்கம். ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் பலர் இக்குழுக்களில் இருந்தனர். கௌதமும் மாணவப் பருவத்தில் தி அர்ஜ் என்னும் குழுவில் சேர்ந்து இத்தகைய விடுதிகளில் வாசித்தார். இங்கு பாடப்பட்டவை ஆங்கிலப் பாடல்களே. கித்தாரும் டிரம்சும் கொண்டு தாய்மொழியில் புதிய பாடல் பாடும் வழக்கம் அப்போது வங்காளத்தில் வேரூன்றவில்லை. இதே நிலைதான் சென்னை உள்ளிட்ட ஏனைய இந்திய நகரங்களிலும் காணப்பட்டது.

அரசியல் ஈடுபாடும் சிறைவாசமும்

1967ஆம் ஆண்டு வடக்கு வங்காளத்தின் நக்சல்பாரியில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. அதன் தாக்கம் விரைவில் கல்கத்தாவின் கல்லூரிகளை எட்டியது. பிரெசிடென்சி கல்லூரி இவ்வியக்கத்தின் முக்கிய மாணவர் மையங்களுள் ஒன்றாக விளங்கியது. மாணவர்கள் பலர் படிப்பை விட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று உழவர்களிடையே தங்கினர். கௌதமும் இவ்வியக்கத்தில் ஈடுபட்டார். கிராமங்களில் தங்கிய காலத்தில் பௌல் பாடகர்களின் இசையையும் பிற நாட்டுப்புற இசையையும் நெருக்கமாகக் கேட்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது.

1970களின் தொடக்கத்தில் மேற்கு வங்காளத்தில் இவ்வியக்கத்தின் மீது கடும் அடக்குமுறை ஏவப்பட்டது. இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் சிறையில் அடைக்கப்பட்டனர். இயக்கத்தின் தலைவரான சாரு மசும்தார் 1972 ஜூலை மாதம் காவலில் இருந்தபோது இறந்தார். கௌதமும் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதுடன் சிறையிலும் இருந்தார். விடுதலையான பின் மேற்கு வங்காளத்தில் தங்க முடியாத நிலையில் மத்தியப் பிரதேசம் சென்றார். அங்கு மருந்து விற்பனைப் பிரதிநிதியாகச் சில காலம் வேலை பார்த்தார். 1970களின் நடுப்பகுதியில் கல்கத்தா திரும்பினார்.

குழுவின் தோற்றம்

கௌதம் திரும்பி வந்த கல்கத்தா பெரிதும் மாறியிருந்தது. இயக்கம் சிதைந்திருந்தது. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது வந்த அகதிகளின் பெருக்கத்தை நகரம் கண்டிருந்தது. 1975 ஜூன் மாதம் நாடு முழுவதும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இச்சூழலில் அதே ஆண்டு கௌதம் தம் உறவினர்களையும் நண்பர்களையும் சேர்த்து ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். நாக்தலாவில் இருந்த இவர்களுடைய வீட்டிலேயே ஒத்திகைகள் நடைபெற்றன.

தொடக்கத்தில் எழுவர் இருந்தமையால் குழுவுக்குச் சப்தரிஷி என்று பெயரிடப்பட்டது. பின்னர் மொஹீனேர் கோராகுலி என்னும் பெயர் நிலைத்தது. மகீனின் குதிரைகள் என்பது இதன் பொருள். இப்பெயர் வங்காளக் கவிஞர் ஜீபனானந்த தாசின் குதிரை என்னும் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கவிதை 1948ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஷாத்தி தாரார் திமிர் (ஏழு விண்மீன்களின் இருள்) என்னும் தொகுப்பில் உள்ளது. பெயரைப் பரிந்துரைத்தவர் ரஞ்சன் கோஷால்.

குழுவின் முதல் எழுவரும் அவர்களுடைய பங்கும் வருமாறு:

கௌதம் சட்டோபாத்யாய் - குரல், கித்தார், சாக்சபோன், பாடல் ஆக்கம்
பிரதீப் சட்டோபாத்யாய் - பாஸ் கித்தார், புல்லாங்குழல்
விஸ்வநாத் சட்டோபாத்யாய் - டிரம்ஸ்
ரஞ்சன் கோஷால் - பாடல் ஆக்கம், நிகழ்ச்சித் தொகுப்பு
தபஸ் தாஸ் - குரல், கித்தார், பாடல் ஆக்கம்
தபேஷ் பந்தோபாத்யாய் - குரல், கித்தார்
ஆபிரகாம் மசும்தார் - பியானோ, வயலின்

இவர்களுள் ரஞ்சன் கோஷால் சட்டோபாத்யாய் சகோதரர்களின் உறவினர் ஆவார். பின்னர் தபேஷ் விலகியதும் ராஜா பானர்ஜி குழுவில் சேர்ந்தார்.

இசையின் இயல்பு

1970களில் வங்காள மக்களின் இசைக் கேட்பு இரு பெரும் வகைக்குள் அடங்கியிருந்தது. ஒன்று இரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதி ஆகிய மரபுப் பாடல்கள். மற்றொன்று திரைப்படப் பாடல்களும் ஆதுனிக் கான் (நவீனப் பாடல்) எனப்பட்ட மெல்லிசைப் பாடல்களும். இப்பாடல்களின் பொதுவான பொருள் காதலும் இயற்கையும் ஆகும். பாடலை ஒருவர் எழுத, இன்னொருவர் இசையமைக்க, வேறொருவர் பாடுவதே முறையாக இருந்தது.

கௌதமின் குழு இம்முறையிலிருந்து விலகியது. பாடலை எழுதியவர்களே இசையமைத்து, வாசித்து, பாடவும் செய்தனர். அமெரிக்காவில் பாப் டிலன், இங்கிலாந்தில் பீட்டில்ஸ் போன்றோர் 1960களில் நிலைநாட்டிய வழக்கம் இது. பௌல் இசை, அமெரிக்க நாட்டுப்புற இசை, ஜாஸ், இலத்தீன் அமெரிக்கத் தாளங்கள், ராக் ஆகியவை இவர்களுடைய பாடல்களில் கலந்து ஒலித்தன. இக்கலவை பௌல் ஜாஸ் என்றும் அழைக்கப்பட்டது.

பாடுபொருளிலும் புதுமை இருந்தது. நகரத் தெருக்கள், வேலையின்மை, தனிமை, அன்றாட வாழ்வின் சலிப்பு ஆகியவை பாடல்களாயின. கௌதம் அரசியல் இயக்கத்திலிருந்து வந்தவராயினும் இப்பாடல்களில் முழக்கங்கள் இல்லை. தோல்வியுற்ற ஒரு தலைமுறையின் மனநிலையே அவற்றில் வெளிப்பட்டது.

தொடக்ககால இசைத்தட்டுகள்

இந்தியாவில் இசைத்தட்டுத் தொழிலைப் பல பத்தாண்டுகளாகக் கிராமபோன் கம்பெனியே ஆதிக்கம் செலுத்திவந்தது. நாய்ச் சின்னம் பொறித்த எச்.எம்.வி. தட்டுகளால் அறியப்பட்ட இந்நிறுவனத்தின் ஆலை கல்கத்தாவை அடுத்த டம்டமில் இருந்தது. தமிழ்த் திரைப்பாடல் தட்டுகள் பலவும் இவ்வாலையில் அச்சிடப்பட்டுச் சென்னைக்கு வந்தவையே. திரைப்படப் பாடல்களும் புகழ்பெற்ற பாடகர்களின் பாடல்களும் விற்பனையில் முன்னணி வகித்தமையால், பெயர் அறியப்படாத இளைஞர் குழு ஒன்று நீண்ட இசைத்தட்டு வெளியிடுவது எளிதன்று.

நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிவு செய்யலாம். 45 சுற்றுச் சுழலும் ஏழு அங்குலச் சிறிய தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். எனவே அதில் பக்கத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பாடல்களுக்கே இடம் உண்டு. சிறிய தட்டு செலவில் குறைந்தது. மொஹீனேர் கோராகுலியின் மூன்று வெளியீடுகளும் சிறிய அளவிலேயே அமைந்தன.

முதலாவது தட்டு 1977ஆம் ஆண்டு வெளிவந்தது. இதன் பெயர் ஷங்பிக்னோ பாகிகுல் ஓ கல்கத்தா பிஷயக். கலக்கமுற்ற பறவைக் கூட்டமும் கல்கத்தாவும் பற்றியது என்று இதனைத் தமிழில் கூறலாம். இதில் நான்கு பாடல்கள் உள்ளன. அவற்றுள் ஹாய் பாலோபாஷி என்னும் பாடல் பிற்காலத்தில் மிகவும் புகழ்பெற்றது. ஆற்றில் படகில் மிதப்பது முதல் உலகப் புகழ்பெற்ற ஓவியர், இசைஞர் ஆகியோரின் படைப்புகளில் திளைப்பது வரை தனக்குப் பிடித்தவற்றைப் பாடுபவர் அடுக்கிச் செல்கிறார். ஆயினும் எதுவும் மனத்துக்கு நிறைவு தரவில்லை என்ற ஏக்கத்தில் பாடல் முடிகிறது. இத்தட்டு வெளிவந்த ஆண்டிலேயே நெருக்கடி நிலை முடிவுக்கு வந்தது; மேற்கு வங்காளத்தில் இடது முன்னணி ஆட்சி அமைத்தது.

இரண்டாவது தட்டு 1978ஆம் ஆண்டு வெளிவந்தது. இதன் பெயர் அஜானா உடந்தோ பொஸ்து பா அ-உ-ப. அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்பது இதன் பொருள். பெயரின் இறுதியில் உள்ள மூன்று எழுத்துகள் அச்சொற்றொடரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். இதில் இரண்டு பாடல்கள் உள்ளன.

மூன்றாவது தட்டு 1979ஆம் ஆண்டு த்ரிஷ்யமான் மொஹீனேர் கோராகுலி என்னும் பெயரில் வெளிவந்தது. கண்ணுக்குப் புலப்படும் மகீனின் குதிரைகள் என்பது இதன் பொருள். இதிலும் இரண்டு பாடல்கள் உள்ளன.

மேடை நிகழ்ச்சிகளும் வரவேற்பும்

குழு கல்கத்தாவின் பல அரங்குகளில் நிகழ்ச்சிகளை நடத்தியது. ரவீந்திர சதன், ஸ்டார் தியேட்டர் ஆகிய அரங்குகளில் பாடியது. 1980ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடைபெற்ற பன்னாட்டு ஜாஸ் விழாவிலும் பங்கேற்றது. அழைப்பிதழ், நுழைவுச் சீட்டு, மேடை அமைப்பு, நிகழ்ச்சித் தொகுப்பு ஆகியவற்றிலும் குழுவினர் புதுமை காட்டினர். இவற்றில் ரஞ்சன் கோஷாலின் பங்கு பெரிது.

எனினும் பொதுமக்களிடையே குழுவுக்குப் பரவலான வரவேற்பு கிடைக்கவில்லை. இரவீந்திர சங்கீதத்தில் ஊறிய கேட்போருக்கு மின்கித்தாரும் டிரம்சும் சேர்ந்த வங்காளப் பாடல் அந்நியமாகத் தோன்றியது. மேற்கத்திய இசையை விரும்பியவர்களோ ஆங்கிலப் பாடல்களையே நாடினர். இவ்விரு தரப்பினருக்கும் இடையில் குழு நின்றது. தட்டுகள் மிகக் குறைவாகவே விற்றன. இசையால் வருவாய் ஈட்ட முடியாத நிலையில் உறுப்பினர்கள் வேலை தேடி வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றனர். 1981ஆம் ஆண்டு குழு கலைந்தது.

திரைப்படமும் நாட்டார் வழக்காறும்

குழு கலைந்த பின் கௌதம் திரைப்படத் துறையில் கவனம் செலுத்தினார். இவர் இயக்கிய நாக்மோதி என்னும் வங்காளத் திரைப்படம் 1983ஆம் ஆண்டுக்குரிய தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த வங்காளத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. படகுகளில் நாடோடிகளாக வாழ்ந்து பாம்பு பிடிப்பதைத் தொழிலாகக் கொண்ட பேதே இன மக்களின் வாழ்க்கையை இப்படம் சித்திரிக்கிறது. ஆவணப்படங்களையும் இவர் உருவாக்கினார்.

பௌல் பாடகர்கள் மீது இவருக்கிருந்த ஈடுபாடு தொடர்ந்தது. ஊர் ஊராகச் சென்று அவர்களுடைய பாடல்களைக் கேட்டும் பதிவு செய்தும் வந்தார். வாழ்வின் இறுதிப் பகுதியில் அசாம் மாநிலத்தின் கார்பி ஆங்லோங் பகுதிக்குச் சென்று, அங்கு வாழும் கார்பி பழங்குடி மக்களின் கதைகளையும் இசையையும் கொண்டு கலைப் படைப்புகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்

1980களில் இந்தியாவில் ஒலிநாடா பரவியது. ஒலிநாடாவை வீட்டிலேயே படியெடுக்க முடிந்ததால், கடைகளில் கிடைக்காத பாடல்களும் கைமாறிச் சென்றன. கல்லூரி மாணவர்கள் கித்தாருடன் கூடும் இடங்களில் மொஹீனேர் கோராகுலியின் பாடல்கள் வாய்வழியாகவும் பரவின. பாடியவர்களுள் பலருக்கு அவற்றை எழுதியவர் யார் என்பது தெரிந்திருக்கவில்லை. 1992ஆம் ஆண்டு சுமன் சட்டோபாத்யாய் (பின்னர் கபீர் சுமன்) வெளியிட்ட தொமாகே சாய் என்னும் தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. நகர வாழ்வைத் தாமே எழுதிப் பாடும் பாடகர்களுக்கு வங்காளத்தில் கேட்போர் உண்டு என்பதை அது காட்டியது.

இச்சூழலில் 1995ஆம் ஆண்டு கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஆபார் பொச்சோர் குரி பொரே (மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்) என்னும் தொகுப்பைக் கௌதம் வெளியிட்டார். இதன் பெயரும் ஜீபனானந்த தாசின் கவிதையை நினைவூட்டுவதாகும். குழுவின் பெயருடன் தொகுத்தது எனப் பொருள்படும் ஷம்பாதிதோ என்னும் சொல் சேர்க்கப்பட்டது. பழைய பாடல்களுடன் புதிய தலைமுறைக் கலைஞர்களின் பாடல்களும் இதில் இடம்பெற்றன. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் பிறரின் எழுத்துகளைத் தேர்ந்து வெளியிடுவதைப் போல, கௌதம் இளைய கலைஞர்களின் பாடல்களைத் தேர்ந்து தம் குழுவின் பெயரில் வெளிக்கொணர்ந்தார். தமக்குக் கிட்டாத மேடையை அடுத்து வந்தவர்களுக்கு அமைத்துக் கொடுக்கும் முயற்சியாக இது அமைந்தது. தொடர்ந்து 1996, 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று தொகுப்புகள் வெளிவந்தன.

1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற ப்ரிதிபீதா நாகி என்னும் பாடல் மிகுந்த புகழ் பெற்றது. தொலைக்காட்சியின் வரவால் உலகம் சுருங்கி வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிட்டது என்பதும், அதனால் மனிதருக்கிடையே தொலைவு கூடிவிட்டது என்பதும் இப்பாடலின் கருத்து. செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்திய வீடுகளில் நுழைந்திருந்த காலம் அது.

மறைவு

கௌதம் சட்டோபாத்யாய் 1999ஆம் ஆண்டு ஜூன் 20 அன்று மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. அவருடைய மகன் கௌரவ் சட்டோபாத்யாய் லக்கிசாரா என்னும் வங்காள இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஆவார்.

குழுவின் ஏனைய உறுப்பினர்களுள் ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் ஈடுபட்டிருந்து 2020 ஜூலை மாதம் மறைந்தார். தபஸ் தாஸ் 2023 ஜூன் மாதம் மறைந்தார். ஆபிரகாம் மசும்தார் மேற்கத்திய செவ்வியல் இசை ஆசிரியராகக் கொல்கத்தாவில் அறியப்பட்டவர்.

தாக்கம்

பிற்காலத்தில் சந்திரபிந்து, காக்டஸ், ஃபாசில்ஸ், பூமி முதலிய இசைக்குழுக்கள் மேற்கு வங்காளத்தில் தோன்றின. வங்காள பேண்ட் இசை என்பது தனி வகையாக நிலைபெற்றது. இவ்வகையின் முன்னோடியாக மொஹீனேர் கோராகுலி மதிக்கப்படுகிறது. வங்காளதேசத்திலும் இப்பாடல்களுக்கு மிகுதியான கேட்போர் உள்ளனர்.

2006ஆம் ஆண்டு வெளியான கேங்ஸ்டர் என்னும் இந்தித் திரைப்படத்தில் இசையமைப்பாளர் பிரீதம் ப்ரிதிபீதா நாகி பாடலின் மெட்டைப் பயன்படுத்தினார். பீகி பீகி எனத் தொடங்கும் அப்பாடலை வங்காளதேச ராக் பாடகர் ஜேம்ஸ் பாடினார். இதன் வழியாக அம்மெட்டு வங்காளம் அறியாத கேட்போரையும் சென்றடைந்தது. எனினும் தொலைக்காட்சியைப் பற்றிய மூலப் பாடல் இந்தியில் காதல் பாடலாக மாறியிருந்தது.

இசைத்தட்டுகளின் வரலாற்றை ஆய்வோர் கௌதமின் வாழ்வில் ஒன்றைக் கருத்தில் கொள்ளலாம். ஒரு வெளியீட்டின் பயனை அதன் முதல் ஆண்டு விற்பனையைக் கொண்டு மட்டும் அளவிட முடியாது. மூன்று தட்டுகளும் வணிக நோக்கில் தோல்வியே. ஆனால் அவை அச்சில் இருந்தமையால்தான் பாடல்கள் மாறாமல் நிலைத்தன. பிறர் கேட்டுக் கற்று அடுத்தவருக்குக் கையளிக்க முடிந்தது. மேடையில் மட்டும் பாடி மறைந்த அக்காலக் குழுக்கள் பலவற்றின் பாடல்களைக் கேட்க வழியில்லை.

இசைத்தட்டுகளும் தொகுப்புகளும்

1977 - ஷங்பிக்னோ பாகிகுல் ஓ கல்கத்தா பிஷயக். பாடல்கள்: பேஷே ஆஷே கல்கத்தா (மிதந்து வரும் கல்கத்தா), மேருன் ஷந்த்யாலோக் (கருஞ்சிவப்பு அந்தியொளி), ஷங்பிக்னோ பாகிகுல் (கலக்கமுற்ற பறவைக் கூட்டம்), ஹாய் பாலோபாஷி (ஐயோ, நேசிக்கிறேன்)

1978 - அஜானா உடந்தோ பொஸ்து பா அ-உ-ப. பாடல்கள்: அஜானா உடந்தோ பொஸ்து (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்), ஷுதீஜோன் ஷோனோ (அறிஞர்களே கேளுங்கள்)

1979 - த்ரிஷ்யமான் மொஹீனேர் கோராகுலி. பாடல்கள்: சைத்ரேர் காஃபன் (சைத்திர மாதத்தின் பிணத்துணி), ஏய் ஷுரே பஹுதூரே (இந்த மெட்டில் வெகுதொலைவு)

1995 - ஆபார் பொச்சோர் குரி பொரே (மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்), தொகுப்பு

1996 - ஜொரா ஷொமோயேர் கான் (உதிரும் காலத்தின் பாடல்), தொகுப்பு

1997 - மாயா, தொகுப்பு

1998 - க்யாபார் கான் (பித்தனின் பாடல்), தொகுப்பு